சிலிண்டருக்கு வெந்நீர்

காலைப் பனியில், ஆவி பறக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவர் நடந்து வருவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பாத்திரத்தின் இரண்டு பக்கமும் துண்டால் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவர் மாதிரி அத்தனை பதமாக வருவார். அந்த வெந்நீர் குளிப்பதற்கு அல்ல. ரேடியேட்டருக்கும் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வண்டிக்குள், பின் சீட்டுக்குப் பின்னால் நிற்கிற சமையல் கேஸ் சிலிண்டருக்கு.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நான் அவருடைய வண்டிக்கு டிரைவராக இருந்தேன். அவருடைய லைன் வீடு ஒன்றில்தான் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவருடையது நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தில் ஒரு பகுதி மனையாகப் போன பிறகு, மீதியில் வரிசையாக வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மதுரை, விருதுநகர், திருச்சி என்று எங்கெங்கிருந்தோ கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அந்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஓசூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஒரு பழைய வண்டியும் வாங்கினார். முன்னால் மூக்கு இல்லாத, டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கிற சின்ன வண்டி. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எட்டாவது படிக்காதவனுக்கு வாடகைக்கு ஓடுகிற மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட பேட்ஜ் கிடைக்காது. இந்த மாதிரி வேலை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அவருக்குத் தெரியாது என்பதோடு நின்றிருந்தால் எனக்குக் கோபம் இல்லை. அடுத்தவன் பயப்படுவதற்கும் அவர் இடம் கொடுக்கமாட்டார். யார் எந்தக் கவலையோடு போய் நின்றாலும் அவரிடம் ஒரே பதில்தான். தமிழ்க்காரர்களுக்கு "ஒண்ணும் ஆவாது." தெலுங்கு பேசுகிறவர்களுக்கு "ஏமீ காது." கன்னடத்தில் வந்து கேட்டால் "ஏனூ ஆகல்ல." மூன்று மொழியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றிலும் இந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, தோளில் தட்டி அனுப்பிவிடுவார்.

லைன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு ஷாக் அடிக்கும். பெண்கள் எல்லாரும் ஒரு மூங்கில் குச்சியால்தான் அதைத் தள்ளுவார்கள். ஒருநாள் மாற்றித் தரும்படி எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் வெறும் விரலால் சுவிட்சைப் போட்டார். தோள் ஒரு குலுக்கு குலுக்கியது. சிரித்துக்கொண்டே கையை உதறினார்.

"பாத்தீங்களா? நல்லா சுறுசுறுன்னு கீது. காலைல காப்பி குடிக்கற செலவு மிச்சம்."

பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர் அப்படித்தான். கேட்க வந்ததை மறக்கடித்துச் சிரிக்கவைத்து அனுப்புவார். சுவிட்சு மாறவில்லை. குச்சி மட்டும் தேய்ந்து போய், வேறு குச்சி வந்தது.

இன்னொரு முறை தெருநாய் அவர் ஆடுசதையைப் பிடித்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். எனக்குப் பொதுவாகப் பேச்சு வராது. அன்றைக்குச் சொன்னேன்.

"என்னா தம்பி, கடிச்சது அது. அதுக்குப் போடச் சொல்லு ஊசி" என்றார்.

காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வாழைத்தோப்புக்குப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்த நாயைக் காட்டி, "நம்ம ரத்தம் குடிச்சது, எப்படிக் கொழுத்துப்போச்சு பாரு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதை அவர் அறிவு என்று நினைத்துக்கொண்டார். இந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிறவர் இல்லை.

அதே மனிதர்தான், ஒரு மத்தியானம் என் மனைவி காய்ச்சலில் நினைவு தப்பி விழுந்தபோது முதலில் ஓடிவந்தவர். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் அவளைப் போர்வையோடு தூக்கி வண்டியில் வைத்தார். ஆஸ்பத்திரியில் என்னைவிட அதிக நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். என் முதுகில் கை வைத்து, "ஒண்ணும் ஆவாது தம்பி" என்றார். சாமி வந்து சொன்னது மாதிரி இருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். அதனால்தான் பின்னால் அதே சொல்லைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வண்டி பெட்ரோலில்தான் ஓடியது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனதும் அவர் எங்கேயோ போய், யாரையோ பிடித்து, வண்டிக்குக் கேஸ் மாட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்கென்றே செய்த கெட்டியான டேங்க் இல்லை. வீட்டு அடுப்புக்கு வருகிற சிவப்புச் சிலிண்டர். அதைப் பின் சீட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிறுத்தி, கோணிப்பையைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதிலிருந்து அடுப்புக்குப் போடுகிற அதே ரப்பர் குழாய், தரைவிரிப்புக்கு அடியில், பிள்ளைகளின் காலுக்குக் கீழே முன்பக்கம் வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்சு. ஒரு பக்கம் பெட்ரோல், ஒரு பக்கம் கேஸ். அந்தக் காலத்தில் அப்படி ஓடிய வண்டிகள் எத்தனையோ. ஆனால் அவர் செய்ததில் ஒரு விசேஷம் உண்டு. முழுச் சிலிண்டரை வண்டிக்குப் போடமாட்டார். வீட்டு அடுப்பில் தீ இறங்கி, அவர் மனைவி "கேஸ் தீருது" என்று சத்தம் போட்டதும் அதைக் கழற்றி வண்டிக்குக் கொண்டுவருவார். அடுப்புக்கு ஆகாதது வண்டிக்கு.

மார்கழி பிறந்ததும் வண்டி காலையில் எழுந்திருக்க மறுத்தது. மத்திகிரிக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாட்டுப்பண்ணைப் பக்கம் இருந்து பனி தரையோடு தரையாக வரும். எதிரில் நிற்கிற மரம் தெரியாது. நான் சாவியைத் திருப்புவேன். இன்ஜின் நர், நர் என்று இழுக்கும். ஒரு இருமல் இருமும். நின்றுவிடும். பகலில் அதே வண்டி ஒரே திருப்பில் கிளம்பும்.

காலையில் மட்டும் தகராறு செய்கிற வண்டியில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. கரண்ட் வரவேண்டும். எரிகிற சரக்கு வரவேண்டும். காற்று வரவேண்டும். இதில் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். நான் முதலில் பேட்டரியைப் பார்த்தேன். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சுரண்டிக் கழுவி, கிரீஸ் தடவி முடுக்கினேன். மறுநாள் நர் என்ற சத்தம் கம்பீரமாக வந்தது. வண்டி கிளம்பவில்லை. பிளக்குகளைக் கழற்றினேன். உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்துப் போட்டேன். பொறி நீலமாகப் பாய்ந்தது. வண்டி கிளம்பவில்லை. காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி எடுத்தேன். அப்படியும் கிளம்பவில்லை. மிச்சம் இருந்தது சரக்கு மட்டும்தான்.

அதை அவரிடம் சொன்னேன். "குளிருக்குக் கேஸ் சரியா வரலீங்கண்ணா. தீரப்போற சிலிண்டரு வேற. காலைல பெட்ரோல்ல கெளப்பி, சூடானப்பறம் கேஸுக்கு மாத்தினா சரியாயிடும். டேங்க்ல பெட்ரோலே இல்ல."

"குளுருதா அதுக்கு?" என்றார் அவர். "நேத்தே சொல்லக்கூடாதா?"

மறுநாள் காலை வெந்நீரோடு வந்தார்.

டீக்கடைகளில் அப்படிச் செய்வார்கள். சிலிண்டர் தீரப்போகிறபோது அதைத் தூக்கி வெந்நீர் அண்டாவில் உட்கார வைப்பார்கள். உள்ளே ஒட்டியிருக்கிற கடைசிக் கேஸும் எழும்பி வந்து, இன்னும் பத்து டீக்கு எரியும். அதுவே தப்பு. அதை அவர் பிள்ளைகள் ஏறுகிற வண்டிக்குள் கொண்டுவந்தார். பின்கதவைத் தூக்கி, கோணிப்பை நனைய நனையச் சொம்பால் மொண்டு ஊற்றுவார். வாயில் ஏதோ தெலுங்குப் பாட்டு. ஊற்றி முடித்து, சிலிண்டரின் தலையில் தட்டிக்கொடுத்து, "இப்ப அடி தம்பி" என்பார். அடித்தால் வண்டி கிளம்பும். கிளம்பியதும் என்னைப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வை. பிரசவம் பார்த்த டாக்டர் தோற்றார்.

சில காலைகளில் வெந்நீருக்கும் மசியாது. அப்போது பிள்ளைகளையே இறக்கித் தள்ளவிடுவார். "எறங்குங்கடா சிங்கங்களா!" என்பார். வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிய பிள்ளைகள் வண்டியின் பின்னால் கை வைத்துக்கொண்டு, "ஐலேசா, ஐலேசா" என்று கத்தியபடி தள்ளும். அவற்றுக்கு அது கொண்டாட்டம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளை தள்ளி ஒரு வண்டி கிளம்ப வேண்டுமா?

ஒருநாள் நானே பெட்ரோல் வாங்கிவந்து டேங்கில் ஊற்றினேன். மறுநாள் காலை அவர் வெந்நீரோடு வருவதற்குள், சுவிட்சைப் பெட்ரோல் பக்கம் தள்ளி, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. நோய் இன்னதுதான் என்று தெரிந்துபோயிற்று. சந்தேகமே இல்லை. அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்.

"பெட்ரோல் ஊத்துனியா?"

"ஆமாங்கண்ணா. இதுதான் கோளாறு. தினமும் கொஞ்சம் ஊத்தினாப் போதும்."

"பெட்ரோல ஊத்துனா செத்தவன்கூட எழுந்து உக்காருவான் தம்பி. கேஸ்ல எழுப்பறவன்தான் டிரைவரு."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்து, வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கூட்டத்தில் என்னை யாராவது கேலி செய்தால் எனக்கு அப்படித்தான் ஆகும். பதில் ராத்திரி படுத்த பிறகுதான் வரும். அந்தப் பெட்ரோல் தீர்ந்ததும் மறுபடி வெந்நீர்.

வண்டியில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வருவான். மதுரைப் பக்கத்துக் குடும்பம். அப்பா கம்பெனியில் ஷிப்டு வேலை. அந்தப் பையன் தினமும் சாப்பாட்டு டப்பாவில் அவித்த முட்டை கொண்டுவருவான். தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வண்டிக்குள் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். குளிருக்குக் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும்.

"அங்கிள், இவன் முட்ட நாறுது அங்கிள்!"

"அழுகுன முட்ட! அழுகுன முட்ட!"

பையன் டப்பாவைத் திறந்து காட்டுவான். "என் முட்ட நல்ல முட்டடா" என்று அழுவான். யார் கேட்பார்கள்? அவனுக்கு முட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் அம்மா ஒருநாள் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

"என்னண்ணே, பய முட்டையே வேணாங்கிறான். பக்கத்துல யாரும் உக்காரமாட்டேங்கிறாகளாம்ல. நாளையில இருந்து கொடுத்துவிடல."

மறுநாள் அவன் தயிர்சாதம் கொண்டுவந்தான். நாற்றம் அப்படியே இருந்தது. பிள்ளைகள் அப்போதும் அவனையே பார்த்தார்கள். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகின முட்டை மாதிரி வேறு எது நாறும் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் அந்த வாசனை வந்தால் நாம் எல்லாரும் ஜன்னலைத் திறக்க ஓடுகிறோம். இங்கே ஒரு குழந்தையின் டப்பாவை மோந்துகொண்டிருந்தோம். கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, வண்டியை ஓரம் கட்டி, சிலிண்டரை மூடினேன். டேங்கில் பெட்ரோல் சொட்டு இல்லை. போகிற வழியில் வந்த டவுன் பஸ்ஸை மறித்து, பிள்ளைகளை அதில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வண்டியை அப்புறம் டோ கட்டி இழுத்துவந்தோம்.

"வாயு பிடிச்சிருக்கும் வண்டிக்கு" என்றார் அவர். நாற்றத்தைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த நாள் விடிந்ததும், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், துணி துவைக்கிற சோப்பைக் கரைத்து நுரை கட்டினேன். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். தரைவிரிப்பைத் தூக்கினேன். கண்ணாடிகளைத் திறந்துவைத்து, சாவியைத் தொடாமல், சிலிண்டரை மட்டும் திறந்தேன். குழாய் நெடுக நுரையைத் தடவிக்கொண்டே வந்தேன். தினமும் வெந்நீர் பட்டுப் பட்டு, சிலிண்டர் பக்கத்து முனை வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. நடு சீட்டுக்கு அடியில், பிள்ளைகள் ஷூ தேய்க்கிற இடத்தில் இன்னொரு கீறல். இரண்டு இடத்திலும் நுரை குமிழ் குமிழாக எழும்பியது. சின்னதாக வந்து, பெரிதாகி, உடைந்தது. மறுபடி வந்தது. சிலிண்டரை மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வெந்நீரோடுதான் வந்தார். திரும்பவும் திறந்து, நுரையைக் காட்டினேன். குனிந்து ஒரு குமிழை விரலால் உடைத்தார்.

"இவ்ளோதானா? சைக்கிள் டியூப வெட்டிச் சுத்திட்டா ஒண்ணும் ஆவாது."

"இதுல பிள்ளைங்கள ஏத்தக்கூடாதுண்ணா. சிலிண்டரையே எறக்கணும்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. வெலகு."

நான் சிலிண்டரை மூடினேன். அவர் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டிருந்தபோதே பிள்ளைகள் வந்துவிட்டன. அம்மாக்களும் வந்தார்கள். வழக்கம்போலப் பிள்ளைகள் இடம்பிடிக்கத் தாவி ஏறின. நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கக் கதவுக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து இறக்க ஆரம்பித்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"என்னண்ணே, வண்டி வராதா? பள்ளிக்கூடம் போற நேரத்துல இப்படிப் பண்ணுறீகளே" என்றார் மதுரைக்கார அம்மா.

"கேஸு ஒழுவுதும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நாத்தம் உங்க பையன் முட்டையில இல்லம்மா. கேஸு."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். கையிலிருந்த ரப்பரைத் தூக்கிக் காட்டினார்.

"ஒழுவுச்சு, அடைச்சாச்சு. நம்ம டிரைவருக்கு ராத்திரி கெட்ட கனவு வந்துடுச்சு."

பிறகு தன் மகளைத் தூக்கினார். நாலாம் வகுப்பு. அவருக்கு ஒரே பெண். அவளைக் கொண்டுபோய்ப் பின் சீட்டில், சிலிண்டரை ஒட்டினாற்போல் உட்கார வைத்தார்.

"இது யாரு? எம் பொண்ணு. என் உசுரு. ஆபத்துன்னா இங்க உக்கார வெப்பனா? சொல்லுங்க."

அம்மாக்களின் முகம் தெளிந்துவிட்டது. ஒரு அம்மா தன் பிள்ளையை மறுபடி ஏற்றக் குனிந்தார். நான் சொல்லவந்தது இதைத்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிது. தன் பிள்ளையை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு ஊர்ப் பிள்ளைகளை இதில் ஏற்றியிருந்தால், நான் நாலு பேருக்கு முன்னால் காறித் துப்பியிருப்பேன். அவர் தன் உயிரையே அதை ஒட்டி உட்கார வைத்தார். மனதார நம்பினார். மனதார நம்புகிறவனிடமிருந்து பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது?

நான் உள்ளே ஏறினேன். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கினேன். அவள் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கோணிப்பைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க அங்கிள், இது என் எடம்" என்று உதைத்தாள். கயிற்றிலிருந்து விரல்களைப் பிரித்து, இறக்கி, தரையில் விட்டேன். அவள் வீறிட்டு அழுதாள்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எம் பொண்ண எறக்கறதுக்கு நீ யாரு?"

நான் கதவை இழுத்துச் சாத்தி, அதன் முன்னால் நின்றேன்.

"சாவியக் குடு."

"குடுக்கமாட்டேண்ணா."

நான் குடியிருந்தது அவர் வீடு. சாப்பிட்டது அவர் சம்பளம். என் மனைவியைப் போர்வையோடு தூக்கியவர். இதெல்லாம் அவர் கண்ணிலும் ஓடியிருக்கும். ஆனால் ஒன்றைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அழுகிற மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். வெந்நீர்ப் பாத்திரம் அங்கேயே நின்றது. அன்றைக்குப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போனார்கள்.

மத்தியானம் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் புது ரப்பர் குழாய். மறுபடி பழைய சிரிப்பு.

"புது பைப்பு. ரெண்டு பக்கமும் கிளிப்பு. இப்ப சந்தோசமா? வா, மாட்டலாம்."

"சிலிண்டர எறக்குங்கண்ணா. நாளைக்கே வண்டி எடுக்கறேன்."

"அது முடியாது தம்பி."

"அப்ப என்னாலயும் முடியாதுண்ணா."

சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "வூட்ட காலி பண்ணிடாத. வாடகையப் பத்தி நெனைக்காத, அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி உள்ளேயிருந்து, "இவ்ளோ நல்ல மனுசங்கிட்ட எதுக்குங்க வம்பு?" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்வது? நல்ல மனுஷன் என்பதுதான் வம்பே.

மறுநாள் காலை வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போனார். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. முட்டைக்காரப் பையனும் இருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பைப்ப மாத்தியாச்சுன்னு சொன்னாருண்ணே. அவரு பிள்ளையும் அதுலதான போகுது" என்றார்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாட்ச்மேனிடம் சொன்னேன். "எங்க வண்டி இல்லப்பா, பெத்தவங்க ஏற்பாடு" என்றார் அவர். ரோட்டில் நின்ற ஒரு போலீஸ்காரரிடமும் சொன்னேன். அவர் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அது தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். எந்தச் சத்தத்தை எதிர்பார்த்து நிற்கிறேன் என்று நினைத்தால் எனக்கே கூசியது. மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தோம். சாமல்பட்டியில் மனைவியின் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பர்கூரில் ஒரு கிரானைட் முதலாளியின் காருக்கு டிரைவரானேன்.

சில வருஷம் கழித்து அவர் பர்கூருக்கு வந்தார். புது வீட்டுக்குக் கல் பார்க்க வந்திருந்தார். கூட மூன்று நாலு பேர். முதலாளியின் கல் பட்டறை வாசலில் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூரத்திலேயே அடையாளம் கண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். என் மனைவி உடம்பைப் பற்றிக் கேட்டார். உண்மையான பிரியம். பொய்யில்லை. பிறகு கூட வந்தவர்களிடம் திரும்பினார்.

"இவருதான் அந்த டிரைவரு. நான் சொல்லியிருக்கறனில்ல? வண்டி வெடிக்கப்போவுதுன்னு பிள்ளைங்களயெல்லாம் எறக்கிவிட்டவரு."

பிள்ளைகளை நான் இறக்கிய விதத்தைக் கை காலை ஆட்டி நடித்துக் காட்டினார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டறை ஆட்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்பறம் மூணு வருசம் அதே வண்டி ஓடுச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? கேளுங்க இவர. நீயே சொல்லு தம்பி."

என் காது சூடானது. ஆனால் வார்த்தை அன்றைக்கு ராத்திரிவரை காத்திருக்கவில்லை.

"கீறல் இல்லதாண்ணா. பிள்ளைங்க பொழச்சுது. அதுக்கு நீங்க என்னா பண்ணீங்க?"

சிரிப்பு நின்றது. கல் அறுக்கிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று மொழி தெரிந்த அந்த மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பளபளவென்று அடுக்கியிருந்த கற்களின் பக்கம் திரும்பி, "இது எவ்ளோ கனம்?" என்று யாரையோ கேட்டார்.